வடசென்னை வினா விடை

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் இருக்கும் பொது அறிவுப் புத்தகங்களில் எதை எடுத்துப் புரட்டினாலும் ஒரே வரிசைதான். உலகின் நீளமான ஆறு, உயரமான சிகரம், முதல் விண்வெளி வீரர், பெரிய பாலைவனம். கேள்வி ஒரு வரி, விடை ஒரு சொல். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

அதைப் படிப்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் காசிமேட்டில் வளரும் பிள்ளை நயாகரா எந்த நாட்டில் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுகிறது. தன் வீட்டுக்கு எதிரே கடலோரம் முழுக்க ஏன் பாறாங்கல் கொட்டிக் கிடக்கிறது என்று கேட்டால் விழிக்கிறது. குறை பிள்ளையிடம் இல்லை. அந்தக் கேள்வியை அதனிடம் யாரும் கேட்டதில்லை.

வரலாறு, புவியியல், அறிவியல், கலை, விளையாட்டு. பொது அறிவின் இந்த ஐந்து பாடங்களுக்கும் கேள்வி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. ராயபுரத்தில் தொடங்கி, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரப் பகுதியிலேயே அத்தனையும் இருக்கின்றன. உலகப் போர் முதல் உலகக் கோப்பை வரை இங்கே வந்துபோகாதது குறைவு.

வரலாறு: இந்தியாவின் மிகப் பழைய ரயில் நிலையம் எது?

இந்தக் கேள்விக்குப் பலரும் மும்பை என்றே சொல்வார்கள். முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது உண்மைதான். அடுத்த ஆண்டே ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் விட்டார்கள். ஆனால் அந்த இரண்டு ஊர்களிலும் அன்று கட்டிய முதல் நிலையங்கள் இன்று இல்லை. அவற்றின் இடத்தில் எழுந்தவை பிற்காலக் கட்டடங்கள். மூன்றாவதாகத் திறக்கப்பட்ட ராயபுரம் நிலையம் மட்டும் இன்னும் நிற்கிறது. நாட்டில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான்.

1856 ஜூன் 28 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. ரயில் பெட்டிகளைச் செய்து கொடுத்தது சென்னையின் சிம்ப்சன் நிறுவனம். கோட்டையும், வணிகர்கள் நிறைந்த அன்றைய கறுப்பர் நகரமும், கப்பல்கள் நங்கூரமிடும் கடற்கரையும் பக்கத்திலேயே இருந்ததால் ரயில் கம்பெனி ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்தது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தது, 1908-இல் எழும்பூர் வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் 1922 வரை ரயில் கம்பெனியின் தலைமையகம் ராயபுரத்தில்தான் இருந்தது. உயர்ந்த தூண்கள் வரிசைகட்டி நிற்கும் அந்த முகப்பை 2005-இல் புதுப்பித்தார்கள்.

இதில் இன்னொரு கிளைக் கேள்வியும் உண்டு. பயணிகளை விட்டுவிட்டு, தண்டவாளத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்தியாவின் முதல் ரயில் பாதை எது? அதற்கும் விடை வடசென்னைப் பக்கம்தான். சாலை போடுவதற்கான கல்லை ஏற்றிச் செல்ல 1837-இலேயே செங்குன்றத்தில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அந்த முயற்சியில் முன்னின்றவர் ஆர்தர் காட்டன். பிற்காலத்தில் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரம் அணையைக் கட்டியவரும் அவரே.

ரயில் வந்து அறுபது ஆண்டுகள் ஆவதற்குள் உலகப் போர் இந்தக் கரைக்கு வந்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலுக்குள் நுழைந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் குறிவைத்தது துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் நகரில் விளக்குகளை அணைக்கும் வழக்கம் வரவில்லை. அதனால் குறி தப்பவில்லை. ஏறக்குறைய 130 குண்டுகள் வீசி, தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, கப்பல் இருட்டில் மறைந்தது. உயிர்ச்சேதம் குறைவு. ஆனால் பயம் நகரத்தையே பிடித்துக்கொண்டது. மூட்டை முடிச்சுகளோடு ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, எம்டனைச் செயலிழக்கச் செய்தது. சென்னைத் தாக்குதலை நினைவூட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது.

போரும் ரயிலும் மட்டுமல்ல, பசியும் இங்கே ஒரு நிறுவனத்தை விட்டுச் சென்றிருக்கிறது. 1782-இல் சென்னையைப் பஞ்சம் வாட்டியபோது, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை. மருத்துவக் கல்லூரிக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் வைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. வடசென்னைப் பெரியவர்களுக்கு அது இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான்.

புவியியல்: மெரினா ஏன் அகலம், ராயபுரம் ஏன் கல்மேடு?

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது துறைமுகம்.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளி நங்கூரமிடும். ஆட்களும் சரக்கும் படகில் வந்து இறங்கவேண்டும். இதை மாற்ற, கடலுக்குள் இரண்டு கைகளைப் போல நீளும் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் திட்டமிட்டார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் அடித்த புயல் கட்டியதில் பெரும்பகுதியைச் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்று, கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து வடகிழக்குப் பக்கம் திறந்த பிறகுதான் துறைமுகத்துக்கு நிம்மதி வந்தது.

சுவரைக் கட்டியவர்கள் அலையோடு மல்லுக்கட்டினார்கள். மணல் வேறு கணக்குப் போட்டது.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாகக் கரையில் மோதுவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் அது தெற்கே திரும்புகிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. இரண்டையும் கூட்டிக் கழித்தால் தெண்டியின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே பயணம் போகிறது. அந்த மணலின் பாதையில் குறுக்கே நின்றது துறைமுகச் சுவர்.

தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் தடுக்கப்பட்டு அங்கேயே சேர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு கடல் பின்வாங்க, மெரினா அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் நடைபாதை அமைத்து அழகுபடுத்திய கடற்கரை, மணலின் தயவால் இன்றைய விரிந்த மெரினாவாயிற்று. சுவருக்கு வடக்கே கதை தலைகீழ். வழக்கம்போல அலைகள் மணலை அள்ளிக்கொண்டு வடக்கே போயின. அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து புது மணல் வரவில்லை. எடுப்பது மட்டும் நடந்து, போடுவது நின்றுபோனால் எந்தக் கரையும் தாங்காது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று வரிசையாகக் கடல் உள்ளே வந்தது. குப்பங்களில் வீடுகள் போயின, வலை உலர்த்திய மணல்வெளி போயிற்று, சாலையே ஆபத்தில் மாட்டியது.

அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவைதான் இன்று கடலோரச் சாலையில் கண்ணில் படும் கருங்கற்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குப் பக்கம். இடுக்குகளில் நண்டு ஓடும், அலை மோதி நுரை பீய்ச்சும். சில இடங்களில் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டியபடி கல்லைக் கொட்டியிருப்பார்கள். அதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர். அது தனக்குத் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும். ஆனால் வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்துக்கு வரவேண்டிய மணலை அந்த அளவுக்குக் குறைத்துவிடும். ஒரு குப்பத்தில் தூண்டில் வளைவு போட்டதும் பக்கத்துக் குப்பத்தார் எங்களுக்கும் வேண்டும் என்று கோரிக்கை வைப்பது இதனால்தான். மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர் காலடியில் இருக்கும் மணலில் ஒரு பங்கு வடசென்னைக்கு வந்து சேரவேண்டியது. பள்ளிப் புவியியல் பாடத்தில் கடலரிப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இன்னும் வடக்கே போனால் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகம். பக்கிங்காம் கால்வாயும் அதை வந்து தொடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்ரேன் என்ற ஆங்கிலேய வணிகர் வெட்டிய சிறு கால்வாய்தான் அதன் முன்னோடி. பின்னர் அது இரு பக்கமும் நீண்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. 1877-78 பஞ்சத்தில் வேலையும் கூலியும் கொடுப்பதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்த அந்த வழியில் இன்று ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். கழிமுகத்தை ஒட்டி அனல்மின் நிலையங்களும், 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் துறைமுகமும் இருக்கின்றன; துறைமுகத்துக்கு இப்போது காமராஜர் பெயர். 2017 ஜனவரி 28 அன்று அதன் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கருப்புப் பிசினாகக் கரையொதுங்கிய கசடை வாளிகளில் அள்ளியெடுத்தார்கள்.

அறிவியல்: ஆணி இல்லாத படகு ஏன் உடையவில்லை?

துறைமுகம் வருவதற்கு முன், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓடியது மசூலா படகு. ஐரோப்பியர்களின் படகுகள் சென்னையின் கரையோர அலையில் சிக்கித் தரையில் மோதினால் விலா உடைந்துபோகும். மசூலாவோ அலையோடு ஏறி, தொப்பென்று மணலில் விழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும்.

ரகசியம் அதன் கட்டுமானத்தில் இருந்தது. பலகைகளை ஆணி அடித்துப் பூட்டாமல், ஓரங்களில் துளையிட்டுத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலாச் சட்டங்களும் கிடையாது. அடிப்பாகம் தட்டை. அலை அடிக்கும்போது விறைப்பான படகில் அதிர்ச்சி முழுவதும் ஆணி இருக்கும் புள்ளிகளில் குவிகிறது. மரம் அங்கே பிளக்கிறது. தைத்த படகு கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. அதிர்ச்சி தையல் நெடுகப் பரவிவிடுகிறது. நிலநடுக்கம் வரும் ஊர்களில் கட்டடத்துக்கு ஓரளவு நெகிழ்வு கொடுத்துக் கட்டும் இன்றைய பொறியியலும் இதே தத்துவத்தில்தான் நிற்கிறது. தையல் வழியாகத் தண்ணீர் கசியும், அதை இறைத்துக்கொண்டே வருவார்கள். ஆள் பிழைத்தால் போதும் என்ற கடலில் அது பெரிய குறை இல்லை.

கைத்தொழில் அறிவு இங்கே ஆலைத் தொழிலாகவும் மாறியது. புல்லட் மோட்டார் சைக்கிள் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்டால் தயங்காமல் விடை சொல்ல முடியாது. 1932-இல் அந்தப் பெயர் பிறந்தது இங்கிலாந்தில். இந்திய ராணுவத்துக்காக வண்டிகள் வாங்கத் தொடங்கிய பிறகு, 1955-இல் அந்த ஆங்கில நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர, என்ஃபீல்ட் இந்தியா உருவானது; திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த தாய் ஆலை 1967-இல் மூடப்பட்டது. திருவொற்றியூர் ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. 1977-இல் இங்கிருந்து பிரிட்டனுக்கே புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது. பிறந்த ஊரில் அணைந்த விளக்கை வடசென்னைத் தொழிலாளிகள் அணையாமல் காத்தார்கள் என்பதே சரியான விடை.

எண்ணூர் அசோக் லேலண்டுக்கும் ஒரு கேள்வி உண்டு: பெயரில் இருப்பது பேரரசர் அசோகரா? இல்லை. 1948-இல் அசோக் மோட்டார்ஸை நிறுவிய ரகுநந்தன் சரண் தம் மகனின் பெயரை வைத்தார். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய ஆலை, பிரிட்டனின் லேலண்டுடன் சேர்ந்த பிறகு லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது.

கலை: தியாகராஜரின் இன்னொரு பஞ்சரத்னம் எது?

பஞ்சரத்னம் என்றதும் திருவையாறு நினைவுக்கு வரும். தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூருக்கும் வந்திருக்கிறார். சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பில் வந்து, வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகளைப் பாடினார். அவையே திருவொற்றியூர் பஞ்சரத்னம். அதே அம்மன் மீது 101 பாடல்களில் வடிவுடை மாணிக்க மாலை பாடியவர் வள்ளலார் ராமலிங்க அடிகள். பட்டினத்தார் சமாதி இருப்பதும் இவ்வூர்க் கடற்கரையில்தான்.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. சுந்தரர் சங்கிலியாரை மணந்து, உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துவிட்டு, வாக்குத் தவறிக் கண்பார்வை இழந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக அந்தக் காட்சி இன்றும் நடக்கிறது. மூலவர் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டுமே கவசமில்லாமல் காணலாம்.

பக்திக்கு அப்பால் ஒரு கட்டடக்கலைச் செய்தியும் கருவறையில் இருக்கிறது. யானையின் முதுகுபோல் பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பில் அது முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் கட்டப்பட்டது. பெரும்பாலான கோயில்களில் கட்டுவித்த அரசன் பெயர்தான் மிஞ்சும். இங்கே கட்டிய கலைஞனின் பெயரையும் கல்வெட்டு காப்பாற்றி வைத்திருக்கிறது: ரவி என்ற வீரசோழத் தச்சன். சோழர் காலத்தில் இக்கோயில் மண்டபத்தில் பாணினியின் இலக்கணமும் கற்பிக்கப்பட்டது.

விளையாட்டு: கேரம் போர்டில் பவுடர் எதற்கு?

வடசென்னைத் தெருக்களில் மாலை நேரத்தில் கேட்கும் டக் டக் ஓசைக்குப் பின்னால் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது. போர்டின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். வெள்ளை 9, கருப்பு 9, ரெட் 1. ஒரு காயின் ஐந்து கிராமை ஒட்டி இருக்கும். ஸ்டிரைக்கர் 15 கிராமைத் தாண்டக்கூடாது. ஏறக்குறைய மூன்று மடங்கு எடை இருப்பதால்தான் காயினை அடித்த பிறகும் ஸ்டிரைக்கர் நின்றுவிடாமல் ஓடுகிறது. பவுடர், மரத்துக்கும் காயினுக்கும் நடுவே உராய்வைக் குறைக்கிறது. கட்டையில் பட்டு வரும் அடியில் காயின் எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதைக் கணக்கு நோட்டு இல்லாமலே பன்னிரண்டு வயதுப் பையன் கண்ணால் அளந்துவிடுகிறான்.

அந்தக் கண் உலகத்தை வென்றிருக்கிறது. சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆண்டுகளில் கேரம் உலகச் சாம்பியன்; 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

குத்துச்சண்டை இங்கே பரம்பரைப் பெருமை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் பிரிந்து மோதிய அந்த உலகத்தைத்தான் பா. இரஞ்சித் 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’யாக எடுத்தார். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டபோது, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். உட்பட அரங்கமே திரண்டது.

கேள்விக்குப் பின்னால் இருப்பது

தமிழில் பொது அறிவைத் தொகுத்த முன்னோர் ஒரு சொல் விடையோடு நின்றதில்லை. சென்னைப் பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தது. எது என்பதோடு ஏன், எப்படி என்பதையும் அவை சொல்லின. இன்றைய கையேடுகளில் கைவிடப்பட்டது அந்த ‘ஏன்’தான்.

அதை மீட்க அரசாணை வேண்டியதில்லை. வடசென்னைப் பள்ளிகளும் கிளை நூலகங்களும் அடுத்த வினாடி வினாப் போட்டியில் பாதிக் கேள்விகளை இந்தக் கரையிலிருந்தே எடுக்கலாம். விடை சொன்ன பிள்ளையிடம் காரணத்தையும் கேட்டு, அதற்கும் மதிப்பெண் கொடுக்கலாம். பெற்றோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ராயபுரம் நிலையத் தூண்களையும், காசிமேட்டுக் கல்வரிசையையும், திருவொற்றியூர்க் கருவறையின் வளைந்த பின்சுவரையும் பார்க்க அழைத்துப் போகவேண்டும். மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிடலாம்.